சிலியில் கசினோ: பாஸ்போர்ட்டிலிருந்து காசாளர் ஜன்னல் வரை

சிலி நாட்டுக் கசினோ மேசையில் '$5.000' என்று ஒரு சின்னப் பலகை நிற்கும். அந்த டாலர் குறி அங்கே பெசோவைக் குறிக்கிறது. நடுவில் இருக்கும் புள்ளி தசமப் புள்ளி அல்ல, ஆயிரத்தைப் பிரிக்கும் புள்ளி. ஆக அது ஐந்தாயிரம் பெசோ. இந்தக் கட்டுரையிலும் பெசோத் தொகைகளை அப்படியே எழுதியிருக்கிறோம். வேடிக்கை என்னவென்றால், தப்பாக 'ஐந்து டாலர்' என்று படித்தவருக்கும் பெரிய நஷ்டம் வராது. 2025 நிலவரப்படி ஓர் அமெரிக்க டாலர் ஏறக்குறைய 950 பெசோ என்பதால், கடைசி மூன்று பூஜ்யத்தை விட்டுவிட்டால் கிட்டத்தட்ட டாலர் கணக்கு வந்துவிடும். மிச்சமிருப்பதை 90-ஆல் பெருக்கினால் இந்திய ரூபாய். சிலிக்காரர்களும் பேச்சில் ஆயிரத்தை 'லூக்கா' என்றுதான் சொல்வார்கள். 'சிங்கோ லூக்காஸ்' என்றால் ஐயாயிரம். இந்த மனக்கணக்கு பழகாமல் மேசைப் பக்கம் போகாதீர்கள்.

தென் அமெரிக்காவில் எல்லா நாட்டிலும் கசினோ கிடையாது. பிரேசில் 1946-இல் மூடியது. ஈக்வடார் 2011 பொதுவாக்கெடுப்புக்குப் பிறகு மூடியது. திறந்திருக்கும் நாடுகளில், முதன்முறை போகிறவருக்குச் சிலி வசதியானது. 2005-இல் வந்த 19.995-ஆம் சட்டம் எத்தனை கசினோ, எங்கே, யார் நுழையலாம் என்பதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறது. மேற்பார்வைக்கென்றே கசினோ கண்காணிப்பகம் ஒன்று இருக்கிறது. விதி எழுத்தில் இருப்பதால், ஒரு மாலைக்கு எவ்வளவு செலவாகும் என்று வாசலுக்கு வெளியே நின்றே கணக்குப் போட்டுவிடலாம். இந்தக் கட்டுரை சொல்லித் தருவது அந்தக் கணக்கைத்தான். ஜெயிக்கும் வழி எதுவும் இதில் இல்லை, அப்படி ஒன்று கிடையவும் கிடையாது.

எந்த ஊருக்குப் போவது

தலைநகர் சாந்தியாகோவில் இறங்கி 'கசினோ எங்கே?' என்று தேடினால் கிடைக்காது. தலைநகர மண்டலத்துக்குள் கசினோ வைக்கக் கூடாது என்பது சட்டம். ஒரு மண்டலத்துக்கு மூன்றுக்கு மேல் கூடாது, ஒன்றுக்கொன்று சாலை வழியே 70 கிலோமீட்டராவது இடைவெளி வேண்டும் என்றும் இருக்கிறது. ஆகவே சாந்தியாகோக்காரர்களே மண்டல எல்லை தாண்டித்தான் போகிறார்கள். தெற்கே பான்-அமெரிக்க நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 57-ஆம் கிலோமீட்டரில் மொன்டிசெல்லோ, வடக்கே ரின்கோனாடாவில் ஒன்று, மேற்கே கடற்கரையில் வீன்யா டெல் மார்.

முதல் அனுபவத்துக்கு வீன்யாவைத்தான் சொல்வோம். அங்குள்ள நகராட்சிக் கசினோ 1930 டிசம்பர் 31 அன்று திறக்கப்பட்டது. தூண்களும் தோட்டமுமாகக் கடலோரத்தில் நிற்கும் வெள்ளைக் கட்டடம். ஆடாவிட்டாலும் பார்க்கலாம். சாந்தியாகோ மெட்ரோ முதல் தடத்தில் பஹாரிதோஸ் நிலையத்தில் இறங்கினால் மேலேயே பேருந்து நிலையம், வீன்யாவுக்கு அடுத்தடுத்து வண்டிகள். தூரம் ஏறக்குறைய 120 கிலோமீட்டர், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். வீன்யா நிலையத்திலிருந்து கசினோ, பகலில் நடந்து போகும் தூரம்தான்.

சிக்கல் திரும்பி வருவதில்தான். மேசைகள் சூடு பிடிப்பது இரவு பத்து மணிக்கு மேல். அதற்குப் பிறகு சாந்தியாகோ திரும்பப் பேருந்து கிடைப்பது அரிது. கடைசி வண்டியைத் தவறவிட்டவர் விடியும்வரை பொழுதைப் போக்க வேண்டியிருக்கும். போக இடமில்லாததால் திரும்பவும் மேசைக்கே வருவார். பட்ஜெட் உடைகிற வழிகளில் இது முக்கியமானது. வீன்யாவிலேயே ஓர் இரவு தங்குங்கள்.

ஓட்டலில் அறை எடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். வெளிநாட்டுப் பயணிக்கு அறை வாடகையில் 19 சதவீத விற்பனை வரி விலக்கு உண்டு. பாஸ்போர்ட்டோடு, நாட்டுக்குள் நுழைந்தபோது குடிவரவில் தந்த சீட்டையும் காட்டி, டாலரிலோ வெளிநாட்டு அட்டையிலோ கட்ட வேண்டும். பெசோ நோட்டாகக் கொடுத்தால் விலக்கு போச்சு. ரசீது மாதிரி இருக்கும் அந்தச் சீட்டைப் பலரும் முதல் நாளே குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

மொன்டிசெல்லோவுக்கு வாடகைக் காரில் போவதாக இருந்தால் ஓட்டுகிறவர் குடிக்கக் கூடாது. ரத்தத்தில் லிட்டருக்கு 0.3 கிராம் என்பதுதான் வரம்பு. ஒரு பிஸ்கோ சவர் அதைத் தொட்டுவிடலாம்.

எப்போது போவது

வார நாள் மாலை நல்லது. வெள்ளி, சனி இரவுகளில் கூட்டம் ஏற ஏற மேசையின் குறைந்தபட்சப் பந்தயமும் ஏறும். மாலையில் 2.000 என்றிருந்த பலகையே நள்ளிரவில் 5.000 ஆகியிருக்கலாம். பிப்ரவரிக் கடைசியில் வீன்யாவின் பாட்டுத் திருவிழா நடக்கும்போது ஓட்டல், கசினோ எல்லாமே நிரம்பி வழியும். செப்டம்பர் 18, 19 தேசிய நாட்களில் கடைகள் சட்டப்படி மூடியிருக்க வேண்டும். கசினோ, உணவகம், திரையரங்கு போன்றவற்றுக்கு விலக்கு. கடைகளெல்லாம் அடைத்திருக்க, கசினோ திறந்திருப்பதால், போக எண்ணமில்லாதவர்களும் அங்கே போய் நிற்பார்கள்.

இன்னொன்று: பொத்தானை அழுத்திச் சுழற்றும் ஸ்லாட் இயந்திரங்கள் பகலிலேயே ஓடும், மேசை விளையாட்டுகள் மாலையில்தான் திறக்கும். மதியம் போய்விட்டு 'ரூலெட் இல்லையே' என்று ஏமாறுவது சகஜம். அந்தக் காத்திருப்பில்தான் இயந்திரம் பணத்தை விழுங்கும்.

பணம்: எவ்வளவு, எந்த வடிவில்

பெசோ நோட்டாக எடுத்துப் போங்கள். சிலி ஏ.டி.எம்.கள் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான பெசோ கட்டணம் பிடிக்கும், ஒரு தடவைக்குத் தரும் தொகைக்கும் வரம்பு உண்டு. கசினோவுக்குள் இருக்கும் ஏ.டி.எம். கட்டணத்தை விட இன்னொரு காரணத்துக்காக ஆபத்தானது. ஏன் என்று சொல்லத் தேவையில்லை. 'உங்கள் நாட்டுப் பணத்திலேயே கழிக்கட்டுமா?' என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி, பெசோவிலேயே கழிக்கச் சொல்லுங்கள். அந்த வசதிக்காக அவர்கள் வைக்கும் மாற்று விகிதம் மோசமாக இருக்கும்.

இந்திய வங்கி அட்டையை நம்பிப் போகாதீர்கள். சூதாட்ட நிலையங்களுக்கென்று தனி வணிகக் குறியீடு இருக்கிறது. அதைப் பார்த்ததும் பல வங்கிகள் பரிவர்த்தனையை மறுத்துவிடும். கடன் அட்டையில் ரொக்கம் எடுத்தால் வட்டி அன்றைக்கே ஓட ஆரம்பிக்கும்.

எவ்வளவு என்பதை இப்படிக் கணக்கிடுங்கள். நீங்கள் உட்காரப்போகும் மேசையின் குறைந்தபட்சப் பந்தயத்தை 40-ஆல் பெருக்குங்கள். 2.000 பெசோ மேசை என்றால் 80.000 பெசோ, அதாவது ஏழாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். அதற்குக் குறைவாகக் கொண்டுபோனால் பதினைந்து நிமிடத்தில் எழுந்துவிட நேரலாம். வந்த செலவுக்கு ஒன்றும் பார்த்திருக்க மாட்டீர்கள். அதிகமாகக் கொண்டுபோனால் அதுவும் மேசைக்கே போகும். இந்தத் தொகையை ஒரு பையில் வையுங்கள். டாக்சி, சாப்பாடு, நுழைவுக் கட்டணத்துக்கான பணத்தை வேறு பையில் வையுங்கள். இரண்டும் கலக்கக் கூடாது.

நோட்டின் நிறங்களைப் பழகிக்கொள்ளுங்கள். ஆயிரம் பச்சை, இரண்டாயிரம் ஊதா, ஐயாயிரம் சிவப்புச் சாயல், பத்தாயிரம் நீலம், இருபதாயிரம் ஆரஞ்சு. இரவு வெளிச்சத்தில் டாக்சிக்காரரிடம் பச்சைக்குப் பதில் நீலத்தை நீட்டினால் பத்து மடங்கு.

வாசலில்

வயது 18 நிறைந்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டையே கொண்டுபோங்கள். கைப்பேசியில் இருக்கும் படமோ நகலோ காட்டிக் காவலரோடு வாதாடுவது வீண். கேட்கும்போது அடையாளத்தை ஆவணத்தோடு நிரூபிக்க முடியாதவரை உள்ளே விடக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதே பட்டியலில் வெளிப்படையாகக் குடிபோதையில் இருப்பவர், ஆயுதம் வைத்திருப்பவர், கலாட்டா செய்பவர் ஆகியோரும் உண்டு. விருந்தை முடித்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டு போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

நுழைவுக் கட்டணம் உண்டு. அது கசினோவின் வருமானம் அல்ல, அரசுக்குப் போகும் வரி. 'யூ.டி.எம்.' என்று சிலியில் மாதந்தோறும் விலைவாசிக்கேற்ப மாறும் ஒரு வரி அலகு இருக்கிறது. அதில் 0.07 பங்கு. 2025-இல் ஒரு யூ.டி.எம். ஏறக்குறைய 68.000 பெசோ என்பதால் கட்டணம் 4.800 பெசோவை ஒட்டி வரும். மாதாமாதம் சில பெசோக்கள் கூடும் என்பதால், போன மாதம் போய்வந்தவர் சொன்ன தொகையிலிருந்து வித்தியாசம் இருந்தால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். உறுப்பினர் அட்டைக்காரர்களுக்காகக் கசினோவே இதைக் கட்டிவிடும் நாட்களும் உண்டு. பாஸ்போர்ட் காட்டினால் அட்டை இலவசம். கட்டணம் கட்டுவதற்கு முன்பே அந்தக் கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

கடற்கரையிலிருந்து அப்படியே ஈர அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக வராதீர்கள். கோட்டும் தேவையில்லை, சாதாரண முழுக்கால் சட்டை, ஷூ போதும். பெரிய பை, கோட்டு, குடையை உடைமைக் காப்பறையில் கொடுத்துவிட வேண்டும். படம் எடுக்கக் கூடாது. தரைவிரிப்பின் நடுவில் நின்று செல்ஃபி எடுத்தால் இரண்டு நிமிடத்தில் ஒருவர் தோளைத் தட்டுவார்.

2013 முதல் மூடிய பொது இடங்களில் புகைக்கத் தடை. அதற்கென்று திறந்த மொட்டை மாடியோ முற்றமோ இருக்கும். மது விலைக்குத்தான், லாஸ் வேகாஸ் கதைகளைக் கேட்டுவிட்டு 'ஆடினால் குடி இலவசம்' என்று எதிர்பார்க்காதீர்கள்.

உள்ளே போனதும் முதல் அரை மணி நேரம்

ஆடாதீர்கள். சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு மேசையிலும் குறைந்தபட்சம், அதிகபட்சம் எழுதிய பலகை இருக்கும். பந்து எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் கட்டும் ரூலெட்டில் சக்கரத்தை எட்டிப் பார்த்து ஒரு பூஜ்யமா, இரண்டு பூஜ்யமா என்று பாருங்கள். பிளாக்ஜாக் (21-ஐத் தாண்டாமல் டீலரை முந்தும் சீட்டாட்டம்) மேசைத் துணியில் '3 ஆ 2' என்றிருக்கிறதா, '6 ஆ 5' என்றிருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டு பார்வையும்தான் இரவின் செலவைத் தீர்மானிக்கிறது. காரணம் கீழே.

ரூலெட்டில் ஒரு பூஜ்யம் இருந்தால் போட்ட ஒவ்வொரு நூறிலும் நீண்டகால சராசரியில் 2.70 கசினோவுக்கு. இரண்டு பூஜ்யம் இருந்தால் 5.26. பரிசு விகிதம் இரண்டிலும் ஒன்றே: ஒற்றை எண்ணுக்கு 35 மடங்கு. 37 எண்ணுள்ள சக்கரத்துக்கும் 38 எண்ணுள்ள சக்கரத்துக்கும் அதே 35 மடங்குதான் தருகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மணிக்கு 35 சுற்று, சுற்றுக்கு 2.000 பெசோ என்று வைத்தால் 70.000 பெசோ மேசையில் புரளும். ஒற்றைப் பூஜ்யத்தில் அந்த ஒரு மணி நேரத்தின் சராசரி விலை 1.890 பெசோ. இரட்டைப் பூஜ்யத்தில் 3.680-ஐத் தாண்டும்.

இதை ஸ்லாட்டோடு ஒப்பிட்டால்தான் உறைக்கும். இயந்திரத்தின் முகப்பில் '10 பெசோ' என்று எழுதியிருக்கும். அது ஒரு கிரெடிட்டின் மதிப்பு. ஒரு சுழற்றலுக்கு முப்பது கிரெடிட் என்றால் 300 பெசோ. பொத்தானை விடாமல் அழுத்தினால் மணிக்கு 600 சுழற்றல் சாதாரணம். ஆக மணிக்கு 180.000 பெசோ. நூற்றுக்கு 93 திருப்பித் தரும் இயந்திரம் என்று வைத்தால் மணிக்கு 12.600 பெசோ செலவு. சிலி விதிப்படி இயந்திரத்தின் திருப்பித் தரும் விகிதம் 85 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. அந்த அடிமட்டத்தில் இருக்கும் இயந்திரமானால் 27.000. பார்த்தால் பத்துப் பெசோ விளையாட்டு, கணக்குப் பார்த்தால் இரண்டாயிரம் பெசோ ரூலெட்டை விட பல மடங்கு விலை. வேகம்தான் வித்தியாசம். ஸ்லாட் ஆடுவதானால் தானியங்கிச் சுழற்றலைத் தொடாதீர்கள், ஒவ்வொரு சுழற்றலுக்கும் நடுவில் கையை எடுங்கள்.

'85 சதவீதம் திருப்பித் தரும்' என்றால் உங்கள் 10.000-இல் 8.500 கைக்கு வரும் என்று பொருளல்ல. லட்சக்கணக்கான சுழற்றல்களின் சராசரி அது. உங்கள் ஒரு மாலையில் அது 20 சதவீதமாகவும் இருக்கலாம், 200 சதவீதமாகவும் இருக்கலாம்.

ரூலெட் மேசையில் உட்காரும் முறை

புதியவருக்கு ஏற்றது ரூலெட். யோசிக்க நேரம் இருக்கிறது, யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் நடைமுறை தெரியாவிட்டால் சங்கடம்.

முதலில், ஒரு சுற்று முடிந்து பணம் பட்டுவாடா ஆனபிறகு, நோட்டை மேசைத் துணியின் மேல் வையுங்கள். மேசையை நடத்தும் டீலரின் கையில் நீட்டாதீர்கள், அவர் வாங்கக் கூடாது. மேலே கேமரா பார்க்கும்படி நோட்டுகளை விரித்து வைத்துத் தொகையைச் சத்தமாகச் சொல்வார். 'கொலோர்' என்று கேட்டால் உங்களுக்கென்று ஒரு நிறத்தில் சிப் (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லை) தருவார், வழக்கமாக இருபது இருபதாக அடுக்கி. ஒரு சிப்பின் மதிப்பு என்ன என்று அப்போதே கேட்டு உறுதி செய்யுங்கள். உங்கள் நீலச் சிப் 500 பெசோவாகவும் பக்கத்து ஆளின் மஞ்சள் சிப் 2.000 பெசோவாகவும் இருக்கலாம். சிப்பின் மேல் எதுவும் எழுதியிருக்காது.

'ஆகன் ஹுவேகோ' என்றால் பந்தயம் வையுங்கள். பந்து மெதுவாகும்போது 'நோ வா மாஸ்' என்பார். அதற்குப் பிறகு கை மேசைக்கு மேல் போகக் கூடாது. எண் விழுந்ததும் அதன்மேல் ஒரு சின்னக் குமிழை வைப்பார். தோற்ற சிப்புகளை வாரிவிட்டு, ஜெயித்தவர்களுக்குக் கொடுத்து, குமிழை எடுக்கும்வரை எதையும் தொடாதீர்கள். உங்களுக்கு எண் விழுந்தால் 35 சிப் உங்கள் பக்கம் வரும். நீங்கள் வைத்த சிப் எண்ணின் மேலேயே இருக்கும். அதை எடுக்க மறந்தால் அடுத்த சுற்றுக்கும் அது பந்தயம்.

கட்டத்தின் நடுவில் வைத்தால் ஒற்றை எண், 'பிளேனோ'. இரண்டு எண்ணுக்கு நடுக்கோட்டில் வைத்தால் 17 மடங்கு, நான்கு எண் சந்திக்கும் மூலையில் 8 மடங்கு, பன்னிரண்டு எண் தொகுதிக்கு 2 மடங்கு, சிவப்பு-கறுப்பு, ஒற்றை-இரட்டைக்குச் சமபங்கு. ஒரே சக்கரத்தில் இவற்றில் எங்கே வைத்தாலும் நீண்டகால இழப்பு விகிதம் ஒன்றுதான். மேலே காட்டும் திரையில் கடைசி இருபது எண்களைப் பார்த்துவிட்டு 'கறுப்பு ஆறு முறை வந்துவிட்டது, இனிச் சிவப்புதான்' என்று ஏற்றுகிறவர்களுக்காகவே அந்தத் திரையை வைத்திருக்கிறார்கள். பந்துக்குப் பழசு எதுவும் நினைவில்லை.

புதியவர்கள் சிக்கும் இடம் குறைந்தபட்சப் பந்தயம். எண்களுக்கு உள்ளே வைப்பதற்கு ஒரு குறைந்தபட்சம், வெளியே சிவப்பு-கறுப்பு போன்றவற்றுக்கு வேறு. வெளியே 5.000 என்று இருந்தால் சிவப்பில் 2.500, இரட்டையில் 2.500 என்று பிரித்து வைக்க முடியாது. ஒவ்வொன்றும் தனியாக 5.000 ஆக வேண்டும். டீலர் திருப்பித் தள்ளிவிடுவார்.

கணவன் மனைவியாகப் போனாலும் ஆளுக்கொரு நிறம் கேளுங்கள். ஒரே நிறத்தில் இருவர் வைத்தால் யாருடையது என்ற தகராறு வரும், டீலருக்கும் தொல்லை. எழுந்து போகும்போது நிறச் சிப்பை அதே மேசையில் கொடுத்து மதிப்பு எழுதிய சிப்பாக மாற்றிக்கொள்ளுங்கள், 'வலோர்' என்றால் புரியும். நிறச் சிப் பக்கத்து மேசையிலோ காசாளரிடமோ செல்லாது.

பிளாக்ஜாக் ஆடுவதானால்

'3 ஆ 2' மேசையில் 5.000 வைத்து பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டும் ஏஸும் பத்து மதிப்புச் சீட்டுமாக) விழுந்தால் 7.500 கிடைக்கும். '6 ஆ 5' மேசையில் 6.000. ஏறக்குறைய 21 ஆட்டத்துக்கு ஒருமுறை விழும் என்பதால் அந்த 1.500 வித்தியாசம் கசினோவின் பங்கை ஏறக்குறைய 1.4 சதவீதப் புள்ளி ஏற்றிவிடுகிறது. '6 ஆ 5' என்று பார்த்தால் நகர்ந்துவிடுங்கள்.

டீலர் ஆரம்பத்தில் தனக்கு ஒரே சீட்டு எடுத்து, எல்லாரும் ஆடி முடித்தபிறகே இரண்டாவதை எடுக்கும் மேசைகளும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் அவர் முன்னால் பத்தோ ஏஸோ இருக்கும்போது பந்தயத்தை இரட்டிப்பாக்குவது வினை. கடைசியில் அவருக்குப் பிளாக்ஜாக் வந்தால் இரட்டிப்பும் சேர்ந்து போகலாம். உட்காருவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். 'செகுரோ', அதாவது காப்பீடு வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று தலையாட்டுங்கள். பெயர்தான் காப்பீடு, அது தனியொரு மட்டமான பந்தயம்.

சீட்டைத் தொடக் கூடாது. இன்னொரு சீட்டுக்கு மேசையை விரலால் தட்டி 'கார்த்தா', போதும் என்றால் கையை விரித்து அசைத்து 'மே பிளான்டோ', இரட்டிப்புக்கு 'தோப்லோ'. வாயால் சொன்னாலும் கையசைவு கட்டாயம். கேமராவுக்குக் காது கேட்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'புன்டோ இ பாங்கா' என்ற பக்கரா சீட்டாட்டத்துக்கு இரண்டு வரி போதும். கசினோவின் பங்கு 'பாங்கா' (வங்கி) பக்கத்தில் 1.06 சதவீதம், 'புன்டோ' (ஆட்டக்காரர்) பக்கத்தில் 1.24, சமநிலைப் பந்தயத்தில் 14-க்கு மேல். சமநிலையைத் தொடாதீர்கள், மற்ற இரண்டில் எது வைத்தாலும் சரி.

தகராறு வந்தால்

பணம் குறைவாகத் தந்துவிட்டார் என்று தோன்றினால் சிப்பைத் தொடாமல், எழாமல், அடுத்த சுற்று தொடங்குவதற்குள் 'ஹெஃபே தே மேசா' என்று மேசைத் தலைவரைக் கூப்பிடுங்கள். கேமராப் பதிவைப் பார்ப்பார்கள். அடுத்த பந்து உருண்டபிறகு சொன்னால் பதிவைத் தேடுவது கடினம், உங்கள் பேச்சும் எடுபடாது. ஸ்லாட்டில் தகராறென்றால் இயந்திரத்தை விட்டு நகராமல் ஊழியரை அழைக்கும் விளக்குப் பொத்தானை அழுத்துங்கள். தீரவில்லையானால் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். கசினோவின் பதில் திருப்தியில்லை என்றால் அடுத்த படி கண்காணிப்பகம்.

இந்தப் பாதுகாப்பெல்லாம் உரிமம் பெற்ற கசினோவுக்குத்தான். சிலியின் தெருக்களில் மளிகைக் கடைக்குப் பக்கத்தில், கறுப்புக் கண்ணாடி ஒட்டிய சின்ன அறைகளில் ஸ்லாட் மாதிரியே இயந்திரங்கள் ஓடும். அவை கண்காணிப்பகத்தின் கீழ் வருவதில்லை. 85 சதவீத விதியும் அங்கே இல்லை, புகாருக்கு இடமும் இல்லை. நுழைவுக் கட்டணம் இல்லை என்பதற்காக உள்ளே போகாதீர்கள்.

நில அதிர்வு பற்றியும் சொல்லிவிட வேண்டும். சிலியில் லேசான அதிர்வுக்கு டீலர் கண்ணிமைக்க மாட்டார், நீங்களும் பதறாதீர்கள். நிற்கவே முடியாத அளவுக்குக் குலுங்கினால் நிலைமை வேறு. வீன்யா கசினோ கடலுக்குப் பக்கத்தில், சுனாமி வெளியேற்றப் பகுதியில் இருக்கிறது. குலுக்கல் நின்றதும் அபாயச் சங்குக்குக் காத்திராமல், தெருவில் இருக்கும் வெளியேற்ற வழிப் பலகையைப் பின்பற்றிக் கடல்மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரத்துக்கு நடையைக் கட்டுங்கள். சிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எழுந்து வருவது

ஒதுக்கிய பணம் தீர்ந்தாலோ குறித்த நேரம் வந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது எழுங்கள். கைப்பேசியில் அலாரம் வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே கடிகாரத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். ஒற்றை எண் அடித்தால் டீலருக்கு ஒரு சிப் கொடுப்பது மரியாதை, கட்டாயமில்லை. மேசையில் வைத்து 'ப்ரோப்பினா' என்று சொல்லுங்கள், அதற்கான பெட்டியில் போட்டுக்கொள்வார்.

விட்டதைப் பிடிக்கும் வேகம் உங்களிடமோ கூட வந்தவரிடமோ தெரிந்தால், நாட்டின் எல்லாக் கசினோவுக்குள்ளும் தன்னை அனுமதிக்க வேண்டாம் என்று தானே பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடு சிலியில் இருக்கிறது. கவுண்டரில் 'ஆவுதோஎக்ஸ்க்ளுசியோன்' என்று கேட்டால் விவரம் சொல்வார்கள்.

பெரிய தொகை ஜெயித்தால் காசாளர் பாஸ்போர்ட் கேட்பார். 10,000 டாலருக்கு மேற்பட்ட ரொக்கப் பரிவர்த்தனைகளைக் கசினோ அரசின் நிதிக் கண்காணிப்புப் பிரிவுக்குத் தெரிவித்தாக வேண்டும். அதே அளவைத் தாண்டி ரொக்கம் எடுத்துக்கொண்டு எல்லை கடந்தால் நீங்களும் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். பணம் கொடுத்ததற்கான தாளை வாங்கி வையுங்கள். இந்தியாவில் வரி கட்டும் குடியிருப்பாளர் என்றால் வெளிநாட்டில் ஜெயித்ததும் வருமானம்தான், சூதாட்ட வெற்றிக்கு 30 சதவீதம் தனி வரி, தோற்றதை அதில் கழிக்க முடியாது.

ஸ்லாட் இயந்திரம் பணத்துக்குப் பதில் தரும் சீட்டில் கடைசித் தேதி அச்சிட்டிருக்கும், அன்றைக்கே மாற்றிவிடுங்கள். காசாளரின் ஜன்னல் 'காஹா'. அதிகாலை இரண்டு மணிக்கு அங்கே வரிசை நீளமாக இருக்கும். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று சிப்பைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் மறுநாள் அதை மாற்றத் திரும்பவும் வாசலில் நிற்க நேரிடும், இன்னொரு 4.800 கேட்டாலும் கேட்பார்கள். வேறு கசினோவில் அந்தச் சிப் செல்லாது, விமான நிலையத்தில் யாரும் வாங்க மாட்டார்கள். வரிசையில் நின்று நோட்டாக மாற்றி, எண்ணி, உள்ளே இருக்கும்போதே கைப்பேசியில் டாக்சி பதிவு செய்துவிட்டு, வண்டி வாசலுக்கு வந்தபிறகு வெளியே வாருங்கள்.